துரு சுரண்டுகிற கை

பழைய கார்களைத் துருவிலிருந்து மீட்டு மறுபடியும் ஓடவைப்பதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் நம் நாட்டில் பெருகி வருகிறார்கள். சென்னை, கோவை, பெங்களூர், மும்பை, கல்கத்தா என்று பெரிய ஊர்களில் எல்லாம் அதற்குச் சங்கங்கள் இருக்கின்றன. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-லேயே பழங்கார் ஊர்வலத்தைத் தொடங்கிவிட்டது. கோயம்புத்தூரில் 2015-லிருந்து ஜி.டி. நாயுடு பெயரில் கார்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 'சீமான்கள் விளையாட்டு, நமக்கென்ன' என்று தோழர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரின் சாவி சீமானிடம் இருக்கலாம். அந்தக் காரின் துருவைச் சுரண்டியது யார்? தகரம் தட்டியது, பட்டி பார்த்தது, பெயின்ட் அடித்தது, இஞ்சினைப் பிரித்து மாட்டியது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒதுங்கிப் போவது, நம்ம வேலையை நாமே அடுத்தவன் கணக்கில் எழுதிக் கொடுப்பதாகும். அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

நான் விஸ்வநத்தத்துக்காரன். சிவகாசியை ஒட்டின ஊர். ஒரு பக்கம் பட்டாசு ஆலை, ஒரு பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், ஒரு பக்கம் அச்சகம். எங்க சனங்கள் இந்த மூன்றில் ஒன்றில் கையை வைத்துத்தான் கஞ்சி குடிக்கிறார்கள். பழைய காருக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். துருதான் சம்பந்தம்.

எங்க ஊர் மண் காய்ந்த மண். மழை குறைவு. கடற்கரைப் பட்டினங்களில் இரண்டு மழைக்காலத்தில் அரித்துப்போகும் தகரம் இங்கே பல வருசம் தாக்குப்பிடிக்கும். அப்படியும் துருவைப் பற்றி எங்க ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கம்பி மத்தாப்பிலிருந்து சிதறுகிற பொன் நிறப் பொறி இரும்புத் தூள் எரிவதுதான். புஸ்வாணத்தின் பொறியும் அதுதான். இரும்புத் தூளில் ஈரம் ஏறித் துருப்பிடித்துவிட்டால் அந்தப் பொறி வராது. மங்கி, புகைந்து போகும். அதனால்தான் மருந்தில் சேர்ப்பதற்கு முன்னால் இரும்புத் தூளுக்கு எண்ணெய் பூசிப் பாதுகாப்பது மத்தாப்புத் தொழிலில் உள்ள வழக்கம். மருந்து அறைக்குள் இரும்புக் கருவியே கூடாது. மரமும் பித்தளையும்தான். அலுமினியம் பட்ட துருப்பிடித்த இரும்பின் மீது ஒரு அடி விழுந்தால் போதும், பொறி பறக்கும். துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்து எரியும் சூட்டில்தான் ரயில் தண்டவாளத்தையே உருக்கி ஒட்டுகிறார்கள். துரு என்றால் அழுக்கு என்று படித்தவன் நினைக்கிறான். எங்க ஊரில் துரு என்பது உயிர்ப் பிரச்சினை. இந்த அறிவுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சான்றிதழ் கொடுத்ததில்லை.

பட்டாசுக்குப் போகாத ஆம்பளைகள் சிலர் பட்டறைக்குப் போனார்கள். என் சித்தப்பா அதில் ஒருவர். டிங்கர் வேலை. லாரி கேபின், வேன் கதவு, கார் மட்கார்டு என்று முப்பது வருசத்துக்கு மேல் தகரம் தட்டியவர். லீவு நாட்களில் நானும் அவர் பட்டறையில் எடுபிடியாக இருந்திருக்கிறேன். பழைய காரை மீட்பது என்றால் என்ன என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். சங்கத்துக்காரர்கள் எழுதுகிற கட்டுரைகளில் 'கார் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரே வரியில் முடிந்துபோகிற அந்த வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சொன்னால்தான் அந்த ஒரு வரிக்குள் எத்தனை நாள் புதைந்து கிடக்கிறது என்று தெரியும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஒரு கார். சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-லிருந்து சுமார் பத்து வருசம் செய்தது. இத்தாலிக்காரர் மிக்கலொட்டி வரைந்த வடிவம், 948 சிசி இஞ்சின். ஆனால் நம்ம தமிழ்நாட்டுத் தொழிலாளி செய்த கார் அது. டாக்டர்கள், வக்கீல்கள், சின்ன முதலாளிகள் வைத்திருந்தார்கள். 1970-களில் அதே அச்சில் கெஸல் என்று ஒன்று வந்தது. 1988 வாக்கில் கம்பெனி கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. இப்போது ஹெரால்டு என்றால் சங்கத்துக்காரர்கள் கண் விரிகிறது. கோழி அடைகிற கொட்டகையில் கிடந்த ஹெரால்டு ஒன்றை ஒரு பணக்காரர் வாங்கி, சித்தப்பா வேலை பார்த்த பட்டறைக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்.

முதலில் துருவைத் தரம் பிரிக்க வேண்டும். மேலோடு நிற்கிற துரு ஒன்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போய்விடும். புள்ளிபுள்ளியாகத் தகரத்தைத் தின்னுகிற துரு இன்னொன்று. பெயின்டுக்கு அடியில் உட்கார்ந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளேயே முழுசாக அரித்துவிட்டது மூன்றாவது. இந்த மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சித்தப்பாவுக்கு ஒரு சின்னச் சுத்தியல் போதும். தட்டிக்கொண்டே போவார். 'ணங்'குன்னா உயிர் இருக்கு, 'பொத்'துன்னா செத்துப்போச்சு என்பார். தட்டி முடித்ததும் சாக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோடு தவறாது.

ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ். அம்பாசிடர் மாதிரி உடம்பே சட்டமாக இருக்கிற வண்டி அல்ல. முன்பக்கத்து பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்னால் சாயும். அழகான ஏற்பாடு. ஆனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற கைகளில் சேறும் ஈரமும் தங்கி, அவைதான் முதலில் அரித்துப்போகும். அதை வெட்டி எடுத்துப் புதுக் கை செய்து ஒட்டும்போது ஒரு நூல் அளவு விலகினால் கதவு சாத்தாது. மெல்லிசுத் தகரத்தில் ஒரே இழுப்பாக வெல்டிங் பிடித்தால் சூட்டில் தகரம் நெளிந்துவிடும். பொட்டுப் பொட்டாக வைத்து, ஈரச்சாக்கால் ஒத்தி, ஆறவிட்டு, மறுபடி பொட்டு வைக்க வேண்டும். உள்ளே ஒரு கையால் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியே மறு கையால் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவர வேண்டும். அந்த வளைவுக்கு வரைபடம் கிடையாது. மறுபக்கத்து மட்கார்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, அந்தத் தடவலை மனசில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தட்டுவார்.

இஞ்சின் இறுகிப்போயிருந்தது. அவசரப்பட்டுத் திருப்பினால் ரிங் உடையும். பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியே டீசல் ஊற்றி, நாள் கணக்காக ஊறப்போட்டு, தினமும் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் மெக்கானிக் அண்ணன் 'விட்டுக்கொடுத்துருச்சுடா' என்று கத்தினார். பிறகு ரெட் ஆக்சைடு, அதன்மேல் பட்டி, அதன்மேல் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ப்பு. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. அந்தத் தூசியும் தின்னர் வாடையும் பெயின்டர் நெஞ்சுக்குள் போய்க்கொண்டே இருந்தது. முகத்தில் கட்டியது ஒரு கைக்குட்டை.

கார் வெளியே போனது. ஊர்வலத்தில் பரிசு வாங்கியது. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் கார் இருந்தது, பணக்காரர் இருந்தார், அவர் மகன் இருந்தான். கீழே 'தன் சொந்த முயற்சியில் துருவிலிருந்து மீட்டெடுத்த' என்று போட்டிருந்தார்கள். சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டு மட்கார்டைத்தான் கவனித்தார். 'வளைவு சரியா வந்திருக்கு' என்றார். எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. அந்தப் பணக்காரர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கூலியைப் பாக்கி வைக்காமல் கொடுத்தவர்தான். கூலி கொடுத்ததோடு வேலை தன்னுடையதாகிவிட்டது என்று அவர் நம்புகிறார் பாருங்கள், அந்த நம்பிக்கைதான் சாதி. உழுதவன் பெயர் பட்டாவில் இருக்காது. கல் சுமந்தவன் பெயர் கோயில் கல்வெட்டில் இருக்காது. அதே பழக்கம் அப்படியே காருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். பழங்கார்க்காரர்கள் பெருமையாகப் பேசுகிற விசயங்களில் ஒன்று இருக்கை. 'ஒரிஜினல் தோல்' என்பார்கள். ஒரிஜினல் தோல் என்றால் காருக்கு விலை கூடும். அந்தத் தோலை உரித்த கை, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்த கை, பதனிட்ட கை எது? தோலைத் தொட்டான் என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் கை. செத்த மாட்டைத் தூக்கினால் தீட்டு. அதே மாட்டின் தோல் ரோல்ஸ்ராய்ஸின் பின் இருக்கையில் ஏறினால் கௌரவம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பதனிடும் தொட்டிகளுக்குள் இறங்கியவர்களின் கதையை எழுதாமல் எந்தப் பழங்காரின் வரலாறும் முழுமையாகாது.

அல்வார் ராஜா கதை பலருக்கும் தெரியும். லண்டனில் ரோல்ஸ்ராய்ஸ் கடையில் தன்னை அவமதித்தார்கள் என்று கோபப்பட்டு, பல கார்களை வாங்கிவந்து ஊர்க் குப்பை அள்ள விட்டாராம். கம்பெனி மன்னிப்புக் கேட்டதாம். இதற்கு உறுதியான சான்று எதுவும் இல்லை. வேறு வேறு ராஜாக்களின் பெயரிலும் இதே கதை உலவுகிறது. நடந்ததா இல்லையா என்பதை விட, இந்தக் கதையை ஏன் இவ்வளவு ரசித்துச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கதையின் உயிர்நாடி இதுதான்: காருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது, அது குப்பை சுமந்தது! ஒரு இயந்திரம் குப்பை சுமந்ததற்கு நூறு வருசமாகச் சிரிக்கிறார்கள். அதே ராஜ்யங்களில் அதே குப்பையையும் மலத்தையும் தலையில் சுமந்த மனுசர்களைப் பற்றி அந்தக் கதையில் ஒரு வார்த்தை உண்டா? ராஜா காரை விட்டுக் குப்பை அள்ளியபோது அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிவைத்த 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு நூலை மாணவத் தோழர்கள் படித்திருப்பீர்கள். அதன் முதல் நிகழ்ச்சியே ஒரு வண்டிதான். 1901-இல் சிறுவன் பீமராவ் அண்ணனோடும் அக்காள் மகனோடும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறான். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மறுக்கிறான். கடைசியில் ஒருவன் இரட்டைக் கூலிக்குச் சம்மதிக்கிறான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். இருபத்தெட்டு வருசம் கழித்து, 1929-இல், அதே சிறுவன் பாரிஸ்டராகி, பம்பாய் அரசின் விசாரணைக் குழு உறுப்பினராகிச் சாலிஸ்காவோனில் இறங்குகிறார். டோங்காக்காரர்கள் ஓட்ட மறுக்கிறார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத நம்ம ஆள் ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தில் விபத்து. அண்ணல் கல் தளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. வண்டியில் ஏறுவது, வண்டியை ஓட்டுவது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதெல்லாம் இந்த நாட்டில் வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக இருந்ததே இல்லை.

நம்ம பக்கத்துக்கு வாருங்கள். பஸ் வந்த காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களுக்கு டிக்கெட் கொடுக்க மறுத்த முதலாளிகள் இருந்தார்கள். அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில்தான் சிவகாசியும் இருந்தது. அந்த ஜில்லா போர்டுக்குத் தலைவராக இருந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்குப் பிறகுதான் பல ரூட்டுகளில் நம் பாட்டன்கள் காசு கொடுத்து, சீட்டு வாங்கி, பஸ்ஸுக்குள் காலை வைத்தார்கள். அந்தக் காலத்துப் பஸ் ஒன்று எங்காவது துருப்பிடித்துக் கிடந்தால், அது எந்த ராஜாவின் காரை விடவும் எனக்குப் பெரிசு.

1997-ஐ மறந்திருக்க மாட்டோம். நம்ம விருதுநகர் மாவட்டத்துக்கான போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. கட்டபொம்மனின் தளபதியாக நின்று வெள்ளையனோடு மோதியவர் என்று தென்மாவட்டத்து மக்கள் நினைவில் வாழ்கிறவர். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். ஏற்கெனவே எத்தனையோ பெயர்கள் பஸ்ஸில் எழுதியிருந்தது. எந்தப் பெயருக்கும் வராத தீட்டு இந்தப் பெயருக்கு வந்தது. கலவரம், சாவு, துப்பாக்கிச்சூடு. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. ஒரு பெயரைத் தாங்க முடியாத சமூகத்துக்காக எல்லாப் பெயரையும் பெயின்ட் அடித்து மறைத்தார்கள்.

எம்.ஜி.ஆரின் 4777 அம்பாசிடர் சென்னையில் அவர் நினைவில்லத்தில் நிற்கிறது. பெருந்தலைவர் காமராசரின் எம்.டி.டி. 2727 செவர்லே பாதுகாக்கப்படுகிறது. விருதுநகர்க்காரனாக எனக்கு அதில் சந்தோசம்தான். ஹைதராபாத்தில் நிஜாமின் 1912-ஆம் வருசத்து ரோல்ஸ்ராய்ஸ் சௌமகல்லா அரண்மனையில் பளபளவென்று நிற்கிறது. நான் கேட்பது இதுதான். சுந்தரலிங்கம் பெயரால் ஒரு கழகம் இருந்தது என்பதற்கு அடையாளமாக ஒரு பஸ், ஒரு தகரப் பலகை, ஒரு டிக்கெட் கட்டு எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? 1976-இல் குழந்தைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வந்த பஸ் விபத்தில் சிக்கி எங்க பகுதிப் பிள்ளைகள் செத்தார்கள். அதன் பிறகுதான் ஹர்பன்ஸ் சிங் குழுவை அரசு அமைத்தது. விடியலுக்கு முந்தின இருட்டில் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைத் திணித்துக்கொண்டு போன அந்த வண்டிகளில் ஒன்றையாவது யாராவது பாதுகாத்தார்களா? எந்த இரும்பைத் துருப்பிடிக்க விடுவது, எந்த இரும்புக்கு எண்ணெய் பூசுவது என்பதை ஒரு சமூகம் தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானம் நடக்கிற இடத்தில் நாம் இல்லை.

சட்டமும் இதே வழியில்தான் போகிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பழங்கால வாகனங்களுக்கென்று தனிப் பதிவு விதியைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருசம் தாண்டிய வண்டி, காரானாலும் பைக்கானாலும், இதில் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருசம் கழித்துப் புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ விடக்கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். இதெல்லாம் சரி. ஆனால் இன்னொரு நிபந்தனை இருக்கிறது. வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, இஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

யாருடைய வண்டி மூல வடிவில் இருக்கும்? வருசத்துக்கு நாலு நாள் ஓட்டி, மற்ற நாளெல்லாம் துணி போட்டு மூடி, டிரைவர் துடைத்து வைத்த வண்டி இருக்கும். நம்ம ஆளுடைய வண்டி எப்படி இருக்கும்? நாலாவது கையாக வாங்கிய அம்பாசிடர். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் இஞ்சின் இறக்கியிருப்பான். சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டிருப்பான். வேறு வண்டியின் கியர்பாக்ஸ், புதுப்பேட்டையில் பொறுக்கிய டைனமோ. மாற்றி மாற்றித்தான் அந்த வண்டி உயிரோடு இருந்தது. அந்த மாற்றங்கள்தான் அதன் வரலாறு. பட்டறைக்காரனின் மூளை அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. சட்டமோ ஒட்டுப்போட்டதால் நீ பழம்பொருள் இல்லை என்கிறது. கலப்பில்லாத மூலம், தூய்மை, வம்சம் என்கிற பேச்சை நாம் வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டிக்கும் குலம் கோத்திரம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு சில தோழர்கள் கேட்பார்கள்: 'சரி, அநியாயம்தான். அதுக்காக நம்ம பையன்களும் பழைய காரை வாங்கிச் சுரண்டிக்கிட்டு உட்காரணுமா? நிலம் இல்ல, படிப்புக்குக் காசு இல்ல, வெடிவிபத்துல செத்தவன் குடும்பத்துக்கு ஒழுங்கா நஷ்டஈடு வரல. இதுல ஹாபி ஒரு கேடா?'

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது எழுந்த புகையைப் பார்த்த ஊர்க்காரன் நான். எது முதல் வேலை என்று எனக்கும் தெரியும். நிலத்துக்கும் கூலிக்கும் பாதுகாப்புக்கும் நடக்கிற போராட்டத்துக்குப் பதிலாக நான் பழைய காரை வைக்கவில்லை. ஆனால் 'நமக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா' என்கிற வாக்கியம் யாருடையது என்று யோசியுங்கள். அது பண்ணையார் வாக்கியம். வேலை நேரத்தில் உன் கை எனக்கு, வேலை முடிந்த நேரத்தில் உன் கை சும்மா கிடக்கட்டும், உனக்கென்று ஒன்றை உன் கை செய்யக்கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அடுத்தவன் காரின் துருவைச் சுரண்டினால் அது கூலி. தன் சந்தோசத்துக்காக ஒரு வண்டியைச் சுரண்டினால் அது திமிர். இந்தக் கணக்கை நாம் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

திமிர் என்று சொல்வதோடு நின்றாலும் பரவாயில்லை. 2025 பிப்ரவரியில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டினான் என்பதற்காக ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளை வெட்டினார்கள் என்று அவன் குடும்பம் குற்றம் சாட்டியது. ஆட்கள் கைதானார்கள். வண்டியைத் தொட்ட கையைத்தான் குறிவைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். செருப்புப் போடாதே, சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று நம் பாட்டன்களிடம் சொன்ன அதே குரல் இது. ஒரு வண்டி நமக்கு ஆடம்பரமா அவசியமா என்று நாம் நமக்குள் வாதாடிக்கொண்டிருக்கிறோம். எதிரிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. வண்டி என்பது மரியாதை என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

எங்க தெருவில் மூன்று பையன்கள் இருக்கிறார்கள். இரண்டு பேர் அச்சகத்தில் வேலை, ஒருவன் ஐடிஐ படிக்கிறான். ஆட்களை ஆலைக்கு ஏற்றிப்போய் ஓய்ந்துபோன ஒரு மட்டடோர் வேனை எடைக்குப் போக இருந்த நேரத்தில் பணம் போட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்களே ஒரு காலத்தில் அதே வேனில் நெருக்கியடித்து வேலைக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுற்றி உட்கார்ந்து சுரண்டுகிறார்கள். யாரும் கூலி கொடுப்பதில்லை, யாரும் விரட்டுவதில்லை. கண் சரியாகத் தெரியாத சித்தப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டுகிற சத்தத்தைக் கேட்டே 'அங்க பொத்துனு கேக்குது, வெட்டு' என்கிறார். அந்த வேனுக்கு வி.ஏ. நம்பர் கிடைக்கப் போவதில்லை. ஊர்வலத்தில் யாரும் கூப்பிடப் போவதுமில்லை. முப்பது வருச அறிவு ஒன்று, அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லாமல் சாக இருந்தது. இப்போது அது மூன்று கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு நான் விடுதலை வேலை என்றே பெயர் வைப்பேன்.

ஆகவே, நான் வைக்கிற கோரிக்கைகள் நான்கு.

ஒன்று. மீட்டெடுத்த ஒவ்வொரு பழைய காரின் கோப்பிலும், ஊர்வலத்தில் அதன் முன்னால் வைக்கிற அட்டையிலும், வேலை செய்தவர்களின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். டிங்கர், பெயின்டர், மெக்கானிக், எலக்ட்ரீசியன், சீட் தைத்தவர் என எல்லாரும். சினிமாவில் லைட் பிடித்தவர் பெயர் வருகிறது. காரில் ஏன் வரக்கூடாது? சங்கங்கள் இதைச் செய்யாவிட்டால் பட்டறைத் தோழர்களே கதவுத் தகட்டின் உள்பக்கம் தங்கள் பெயரைப் பொறித்துவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். நூறு வருசம் கழித்து அடுத்த துருவைச் சுரண்டுகிறவன் படிக்கட்டும்.

இரண்டு. அந்தப் பட்டறைகளில் முகமூடியும் காற்றோட்டமும் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். ஒரு காரின் பளபளப்புக்குப் பெயின்டரின் நுரையீரலை விலையாக வாங்குகிற பொழுதுபோக்கு நாகரிகம் ஆகாது. லட்சக்கணக்கில் செலவழிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல முகமூடி வாங்கிக் கொடுப்பது பெரிய விசயமில்லை.

மூன்று. 2021 விதியில் 'மூல வடிவம்' என்பதற்கு வேறு விளக்கம் வேண்டும். உழைக்கிற சனங்கள் மாற்றி ஓட்டிய வண்டியும் வரலாற்றுப் பொருள்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அரசு அருங்காட்சியகங்களில் பஸ், லாரி, தொழிலாளர் வேன் இவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். 1997-இல் அழிக்கப்பட்ட பெயரை அங்கேயாவது எழுதி வைக்க வேண்டும்.

நான்கு. இது நமக்கு நாமே வைத்துக்கொள்ள வேண்டிய கோரிக்கை. மாணவத் தோழர்களே, உங்கள் ஊரில் வயசான டிங்கர், லேத்துக்காரர், சீட் தைக்கிறவர் யாராவது இருப்பார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். எந்த வண்டி, எந்த வருசம், எந்த ஒட்டு, எப்படிப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். கையிலும் சுத்தியலை வாங்கித் தட்டிப் பாருங்கள். நம் தலைமுறையில் படித்தவர்கள் கைவேலையைக் கேவலமாக நினைக்கத் தொடங்கியிருப்பது மேல்சாதியிடம் நாம் வாங்கிய நோய். கைவேலை கேவலம் அல்ல. அதைப் பிறப்பால் திணித்ததும், அதன் பெயரையும் பலனையும் பிடுங்கிக்கொண்டதும்தான் கேவலம். விரும்பி எடுத்துக்கொள்கிற கைவேலை வேறு.

இரும்பு யார் வீட்டில் கிடந்தாலும் ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். துருவுக்குச் சாதி தெரியாது. சுரண்டுகிறவனுக்கு ஒரு சாதி, பரிசு வாங்குகிறவனுக்கு ஒரு சாதி என்று வைத்தது மனுசன்தான். அதை மாற்ற வேண்டியதும் மனுசன்தான். பட்டறைக்காரன் பெயர் எழுதாத கார் அடுத்த ஊர்வலத்தில் வந்தால், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். பக்கத்தில் போய், 'அய்யா, இந்த மட்கார்டைத் தட்டினது யாரு?' என்று சத்தமாகக் கேளுங்கள்.